தவளை டீச்சரின் பதினொரு படங்கள்

கல்வி வலயத்தின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. புதன்கிழமை மாலை நான்கு மணி. றக்வானைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சுதர்ஷினி தனியாக நின்று, வகுப்பறைச் சுவரிலிருந்து பதினொரு படங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். லெமினேட் செய்த படங்கள். எல்லாம் தவளைப் படங்கள். ஒவ்வொன்றின் வலது மூலையிலும் நீல மார்க்கரில், பாடசாலை அதிபரின் சாய்ந்த கையெழுத்தில், ‘ஆக்கம்: செல்வி க. சுதர்ஷினி’ என்று எழுதியிருந்தது.

அவற்றில் ஒன்றைக்கூட அவள் எடுக்கவில்லை.

இந்தப் பாடசாலைக்கு அவள் நியமனம் பெற்று வந்து பதினான்கு மாதங்கள். ஊர் கேகாலைப் பக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள். மற்ற எட்டு ஆசிரியர்களும் பகல் ஒன்றரைக்கு மணி அடித்ததும் ஒரே வேனில் ஏறிப் பெல்மதுளைக்கு இறங்கிவிடுவார்கள். வேன் வளைவில் மறைந்த பிறகு மலையில் அவளும், நான்கு அறையுள்ள குவாட்டர்ஸில் அவள் புழங்கும் ஒரு அறையும் மட்டும்தான். பேசத் தெரியாதவள் அல்ல. ஆனால் சொல்ல நினைத்தது தொண்டைக்கு வந்து சேருவதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். முதல் வருடம் முழுக்க, தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் அவளிடம் கேட்டது, “சாப்பிட்டீங்களா டீச்சர்?” அவள் சொன்னது, “ஆமாங்க.” அதற்கு மேல் இரண்டு பக்கமும் போகவில்லை.

படங்கள் வந்த கதை சின்னதுதான். இரண்டு மாதங்களுக்கு முன் தரம் எட்டில் தவளையின் வாழ்க்கை வட்டம் நடத்தினாள். முட்டை, தண்ணீர், தலைப்பிரட்டை, தவளை. கடைசி வாங்குப் பலகையிலிருந்து தனுசியா கையைத் தூக்கினாள். அந்தப் பிள்ளை கை தூக்குவதே அபூர்வம்.

“டீச்சர், எங்க லயத்துக்குப் பின்னாடி தண்ணியே இல்ல. கெணறும் இல்ல, குட்டையும் இல்ல. ஆனா நகத்தளவு தவளைக் குஞ்சு கெடக்குது. அது வால் வச்சு நீந்தாம எப்படி டீச்சர் வந்திச்சு?”

“வானத்துல இருந்து விழுந்திருக்கும்டி” என்றது ஒரு பையன் குரல். வகுப்பு சிரித்தது.

சுதர்ஷினி சிரிக்கவில்லை. பதில் அவளுக்குத் தெரியும். இந்த மலைகளில் சில தவளைகள் ஈர மண்ணுக்கடியில் முட்டையிடும். வால் வைத்த பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே முடிந்து, வெளியே வரும்போதே தவளையாக வரும். சொன்னாள். பிள்ளைகள் நம்பவில்லை. புத்தகத்தில் அப்படிப் படம் இல்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெக்டரிக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கி வரை ஏறினாள். தோட்டத்தில் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். தேடியதில் ஒரு பக்கம் கிடைத்தது. கண்ணாடி மணி போன்ற முட்டை, அதற்குள் கைகால் மடக்கிய குட்டித் தவளை, முட்டையை உடைத்துக்கொண்டு எட்டிப்பார்க்கும் மூக்கு. மூச்சை விட மறந்து பார்த்தாள். படங்கள் திறந்தன, கீழேயிருந்த எழுத்து திறக்கவேயில்லை, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. படங்களைப் போனில் தரவிறக்கவும் முடியவில்லை. சிக்னல் போவதற்குள் என்று பதினொன்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். இந்தத் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள். படம் கைக்கு வரும். அது எங்கிருந்து வந்தது என்பது மலையிலேயே நின்றுவிடும்.

ஆனால் ஒன்று மட்டும் கூடவே வந்திருந்தது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் சின்ன வெள்ளை எழுத்தில் மர்லியா என்ற பெயர்.

மறுநாள் பெல்மதுளையில் தாஸிமின் அச்சுக் கடையில் போனைக் கொடுத்தாள். அவர் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“மிஸ், கீழ ஒரு பேர் வருது. வெட்டவா, வைக்கவா? வச்சா பக்கத்துக்கு அடங்காது, ஓரத்துல கோணலா நிக்கும்.”

வெளியே றக்வானை பஸ் ஹோர்ன் அடித்தது. விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து.

“வெட்டிடுங்க” என்றாள்.

அவ்வளவுதான். பஸ்ஸைப் பிடித்தும்விட்டாள்.

அதிபர் காளிதாஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடசாலையில் எந்தக் கற்பித்தல் சாதனம் செய்தாலும் மூலையில் செய்த ஆசிரியரின் பெயரை எழுதிவிடுவார். வலயத்திலிருந்து கல்வி ஆலோசகர்கள் வரும்போது எண்ணிப் பார்ப்பார்கள். பெயரில்லாவிட்டால் வேறு பாடசாலையில் இரவல் வாங்கியது என்று சந்தேகப்படுவார்கள். அட்டையில் ஒட்டிய இலைக்கும், சிரட்டையில் செய்த சூரிய மண்டலத்துக்கும் எழுதிய அதே கையால் தவளைகளுக்கும் எழுதினார். அடுத்த நாள் காலையில் சுவரில் அதைப் பார்த்துவிட்டு சுதர்ஷினி அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சேர்...”

“என்ன டீச்சர், எழுத்து கோணலா இருக்கோ?”

“இல்ல சேர்.”

திரும்பி வந்துவிட்டாள். அடுத்த மாதம் ஆலோசகர் வந்து, படங்களுக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, “யாருடைய வேலை இது?” என்று கேட்டபோது அதிபரே முந்திக்கொண்டார். “நம்ம டீச்சர்தான்!” அவள் நிலத்தைப் பார்த்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் வாயே திறக்கவில்லை. அதிலிருந்தே ஒரு முழுக் கதை கிளம்பிவிட்டது.

கதை லயங்களுக்குப் போய்ச் சேர ஒரு நாள் போதுமாக இருந்தது. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த வெள்ளையம்மா, தனுசியாவின் தாய், பாதையில் அவளை மறித்துக்கொண்டு நின்றாள்.

“என்னா டீச்சர், தவளைக்குப் பின்னாடி மண்ணுல படுத்துக் கெடந்து படம் புடிச்சீங்களாமே? எங்க வீட்டாளு எனக்குப் பின்னாடிகூட அப்படி அலைஞ்சது இல்லீங்க!”

கூட இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுதர்ஷினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் தவளை டீச்சர். கீரை வந்தது. பலாக்கொட்டை வந்தது. ஒரு சடங்கு வீட்டில் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார்கள். “தவளை டீச்சருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்கடி.” பதினான்கு மாதத்தில் அடுத்த வீட்டுச் சோறு சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்று குவாட்டர்ஸுக்குத் திரும்பியபோது அந்த மூன்று வெற்று அறைகளும் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

பிள்ளைகள், “எங்க டீச்சர் எடுத்தீங்க?” என்று சுற்றி நின்று கேட்டபோது, ஜன்னலுக்கு வெளியே பன்னச் செடி மண்டிய சரிவுப் பக்கம் கையை நீட்டினாள். எங்கேயாவது நீட்ட வேண்டியிருந்தது.

இப்போது அந்தப் படங்களைப் பெட்டியில் அடுக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. தனுசியா. கண்காட்சியில் படங்களை விளக்கப் போவது அவள்தான். கையில் ஒரு பழைய சோற்றுக் கரண்டி. காலெல்லாம் சேறு. கணுக்காலில் மூன்று இடத்தில் அட்டை கடித்து இரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

“என்ன புள்ள இது?”

“ஒண்ணுமில்ல டீச்சர். உப்பு போட்டா நின்னுரும்.” கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். “இன்னிக்கும் கெடைக்கல.”

“என்ன கிடைக்கல?”

“முட்டைங்க டீச்சர். நீங்க காட்டின சரிவுலதான் தேடுறேன். இன்னியோட பத்தொன்பது நாள். அங்க போய்க் கேள்வி கேட்டாங்கன்னா, நானும் கண்ணால கண்டேன்னு சொல்லணும்ல. சும்மா பாடமாக்கி ஒப்பிச்சா நல்லாவா இருக்கும்?”

சுதர்ஷினி கரண்டியைப் பார்த்தாள். “தோண்டினியா?”

“ஆமா டீச்சர். கல்லெல்லாம் பெரட்டி, பன்னத்தைப் புடுங்கி, சரிவு முழுக்கப் பாத்துட்டேன். நீங்க எத்தனை நாள் இருந்தீங்க டீச்சர்? எனக்குத்தான் பொறுமை பத்தல போல.”

மழை தகரக் கூரையில் இறங்கத் தொடங்கியது. பதில் சொல்லாமல் தப்ப அது ஒரு சாக்கு. “மழை வருது. வீட்டுக்குப் போ. இனி அங்க தோண்டாத, சரியா?” என்றாள். அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டுக் கரண்டியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடியது, அது குடையா என்ன.

சுதர்ஷினி குடையை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்கு ஏறினாள். அந்தப் பக்கத்தைத் தேடித் திறந்தாள். இந்தத் தடவை வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செருப்புக்குள் தண்ணீர் போனது. கடைசியில் எழுத்து வந்தது.

மர்லியா குருவிட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மலையேறி எடுத்த படங்கள். நான்கு வருடம் ஆனதாம். படங்களுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: ‘பாடசாலைகளில் யாரும் தாராளமாகக் காட்டலாம். காசு வேண்டாம். என் பெயரை மட்டும் அகற்றாதீர்கள். இடத்தை நான் எழுதவில்லை, கேட்கவும் வேண்டாம். பிள்ளைகளைத் தேட அனுப்பாதீர்கள். மண்ணைக் கிளறினால் முட்டை பாழாகிவிடும்.’

இரண்டு தடவை வாசித்தாள். கேட்டிருந்தது அவ்வளவுதான். ஒரு பெயர். அதைத்தான் வெட்டச் சொன்னாள். வேண்டாம் என்றது ஒன்றே ஒன்று. அதைத்தான் கை நீட்டிக் காட்டினாள்.

குளிரில் விறைத்த விரலால் ஒரு செய்தி எழுதினாள். தான் ஒரு ஆசிரியை என்றும், படங்களை வகுப்பில் பயன்படுத்தியதாகவும், கண்காட்சிக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும் என்றும். பெயரைப் பற்றி எழுதத் தொடங்கி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தாள். மிச்சத்தை அனுப்பினாள்.

பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க வியாழன் காலை ஆறரைக்கே ஏற வேண்டியிருந்தது. வந்திருந்தது.

‘டீச்சர், நாலு வருஷத்துல ஒரு பள்ளிக்கூடம்கூட என்னட்ட கேட்டதில்ல. நீங்கதான் முதல். கொண்டுபோங்க, சந்தோஷம். புள்ளைகள் என்ன கேட்டாங்க? தவளைக்குப் பின்னால அலையுற கிறுக்கின்னு வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க. சுவருல என்ட பேரோட படம் இருக்கிறத ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீங்களா? உம்மாக்குக் காட்டணும்.’

மேகம் தாங்கியைத் தாண்டிப் போனது. சுதர்ஷினி அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி, பேச ஆளில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஈர மண்ணுக்குப் பக்கத்தில் குந்தியிருந்திருக்கிறாள். பதில் எழுதாமல் இறங்கினாள்.

அதிபரின் அறைக்குள் போனதும், தயங்கினால் முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள். “சேர், அந்தப் படமெல்லாம் நெட்ல எடுத்தது.”

காளிதாஸ் பேனாவைக் கீழே வைக்கவில்லை. “தெரியும் டீச்சர்.”

“சேர்?”

“உங்ககிட்ட கெமரா இருக்கா? அந்தப் போனுல அப்படி எடுக்க ஏலுமா? எல்லாரும் நெட்லதான் எடுக்குறாங்க. இதுல என்ன?”

“எடுத்தவங்க ஒருத்தர் இருக்காங்க சேர். நேத்துதான் கேட்டேன். அனுமதி குடுத்திருக்காங்க.”

“அப்ப முடிஞ்சிச்சே!” முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. “அனுமதி வாங்கியாச்சு. இனி யாரு என்ன சொல்றது?”

“பேரு சேர். என் பேரை அழிச்சிட்டு அவங்க பேரை...”

இப்போது பேனாவை வைத்தார். “டீச்சர், நான் சொல்றதைக் கேளுங்க. போன மாசம் ஆலோசகர்கிட்ட உங்க வேலைன்னு சொன்னது நான். இன்னிக்கு வேற பேரோட போய் நின்னா அவரு என்ன நினைப்பாரு? இந்தப் பாடசாலையில நாற்பத்தாறு புள்ளைங்க. வலயம் நம்மளைத் திரும்பிப் பாக்குறதே இப்பத்தான். நாளைக்கு ஒரு நாள் முடியட்டும். பொறகு ஆற அமர எழுதுவோம்.” எழுந்து வந்து, அவள் அழப்போகிறாளோ என்று பயந்தவர் போலக் குரலைத் தணித்தார். “நீங்க ஒண்ணும் பேச வேணாம். அதான் புள்ள பேசுதே.”

அவர் கெட்டவர் அல்ல. அவள் பேசமாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அவ்வளவே. அது எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பெல்மதுளை மண்டபம் பிள்ளைகளாலும் தாய்மாராலும் நிறைந்திருந்தது. வெள்ளையம்மா அன்று வேலைக்குப் போகாமல், பச்சைச் சேலையில், மேசைக்குப் பக்கத்தில் காவல் நிற்பவள் போல நின்றாள். வருகிறவர்களையெல்லாம் இழுத்து வந்தாள். “இங்க வந்து பாருங்க, எங்க தவளை டீச்சரு படம் புடிச்சது. எம் மகதான் சொல்லிக் குடுக்குது.” பலகையில் பதினொரு படங்களும், மூலையில் அதே நீல எழுத்துடன், நேர்கோட்டில் தொங்கின. தனுசியா கால் தழும்புகள் தெரியாமல் காலுறையை, அந்த வெள்ளை மேசோட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்டிருந்தாள்.

சுதர்ஷினி பலகையின் ஓரத்தில் நின்றாள். சொன்னால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் வரும்போதே எண்ணிப் பார்த்திருந்தாள். கீரை வராது. பாதையில் மறிக்க மாட்டார்கள். “சாப்பிட்டீங்களா டீச்சர்?” என்று பழையபடி ஆகும், அதுவும் கேட்டால். சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது. மர்லியாவின் உம்மா ஒரு படத்தைப் பார்க்காமல் இருப்பாள், அவ்வளவுதான்.

பத்தேகாலுக்கு வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு மேடம் வந்தார். பின்னால் ஆலோசகர், அவருக்கு அருகில் அதிபர். மேடம் முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாவதில், முட்டைக்குள் கை மடக்கித் தூங்கும் தவளைக்கு முன்னால், நின்றார்.

“ஹரி லஸ்ஸனாய்” என்றார் சிங்களத்தில், மிக அழகு என்று. பிறகு தனுசியாவைப் பார்த்து, “கவுத மேவா கத்தே?” யார் எடுத்தது என்று கேட்டார்.

தனுசியாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நிமிர்ந்து நின்றாள். “அபே டீச்சர் தமாய் மேடம்,” எங்கள் டீச்சர்தான் என்று தொடங்கி, தமிழும் சிங்களமும் கலந்து கொட்டினாள். எங்கள் பாடசாலைக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது, டீச்சர் அங்கே தினமும் போவார், மழையிலும் போவார், அட்டைக் கடியிலும் போவார், பொறுமையாகக் காத்திருந்தால்தான் இது கிடைக்கும். அவள் சொல்லச் சொல்ல சுதர்ஷினிக்குப் புரிந்தது. பிள்ளை பொய் சொல்லவில்லை. பத்தொன்பது நாளாகத் தான் பட்டதையெல்லாம் எடுத்து டீச்சருக்குப் போர்த்திக்கொண்டிருந்தது.

“நானும் போனேன் மேடம்” என்றாள் தனுசியா. குரல் இறங்கியது. “ஆனா எனக்குப் பொறுமை இல்ல. எங்க டீச்சர் மாதிரி...”

“தனுசியா, போதும்.”

தன் குரல் இவ்வளவு உரத்து வரும் என்று சுதர்ஷினிக்கே தெரியாது. பக்கத்து மேசையில் எரிமலையைக் கக்க வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் திரும்பினார்கள். அதிபர் தலையை மெல்ல இல்லை என்பதுபோல் ஆட்டினார். வெள்ளையம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வெட்கப்படுவதாக நினைத்திருப்பாள்.

மேடத்திடம் சிங்களத்தில் இரண்டே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியது மேடத்துக்கு அல்ல. சுதர்ஷினி பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“உனக்குப் பொறுமை இல்லாம இல்ல. இந்தப் பதினொண்ணுல ஒண்ணுகூட நான் எடுக்கல. எடுத்தவங்க பேரு மர்லியா, குருவிட்டையில இருக்காங்க. நாலு வருஷம் மலையேறி எடுத்திருக்காங்க. அவங்க பேரு படத்துலயே இருந்திச்சு, வெட்டச் சொன்னது நான். அந்தச் சரிவுக்கு நான் ஒரு நாளும் போனதில்ல, சும்மா கையைக் காட்டினேன்.” மூச்சு எடுத்துக்கொண்டாள். “இந்தத் தவளைய நான் இதுவரைக்கும் கண்ணால கண்டதுகூட இல்ல.”